நம் திரை வரலாற்றைத் தீக்கும் கறையானுக்கும் விடுவதோ?

வீட்டு முதியவர் ஒருவர் மறைந்த பின், "இன்னும் எத்தனையோ செய்திகளை அவரிடம் கேட்டிருக்கலாமே" என்று நெஞ்சு நொந்துகொள்ளாத குடும்பம் தமிழ்நாட்டில் இராது. ஒரு குடும்பத்திற்கு நேரும் அந்நோவு ஓர் இனத்திற்கே நேருமாயின் அதனை என்னென்று சொல்வது? தமிழ்த் திரையின் முதல் தலைமுறையை நாம் அவ்வாறே, கேட்க வேண்டியவற்றைக் கேளாமல் வழியனுப்பிவிட்டோம். இரண்டாந் தலைமுறையும் இப்பொழுது வாயிலில் நின்றுகொண்டிருக்கிறது. இதனை எண்ணிப் பார்க்கும்படி ஒரு நிகழ்ச்சி அண்மையில் நேர்ந்தது.

திருப்பெரும்பூதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில், தொழிற்பூங்காவிற்கு வேலைக்கு வந்து அறையெடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர் சிலர் ஞாயிறு மாலைகளில் கூடிப் படிப்பதும் பேசுவதும் உண்டு. அக்கூட்டத்திற்கு யானும் சென்று வருகிறேன். ஒரு ஞாயிறன்று, ஓர் இளைஞர் தம் கைப்பேசியில் பழைய ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரொன்றின் ஒரு பகுதியைக் காட்டினார். 'ஆலிவுட்' என்பது அத்தொடரின் பெயர். அமெரிக்க ஊமைப்படங்களின் வரலாற்றைப் பதின்மூன்று பகுதிகளாக, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடுமாறு, இலண்டன் தேம்சுத் தொலைக்காட்சி நிறுவனம் எடுத்து 1980 சனவரியில் ஒளிபரப்பத் தொடங்கிய தொடர் அது. அதனை உருவாக்கியவர்கள் கெவின் பிரௌன்லோ, தேவிட் கில் என்னும் ஆங்கிலேயர் இருவர். சேம்சு மேசன் என்னும் நடிகர் விளக்கவுரை கூறினார். கார்ல் தேவிசு இசையமைத்தார்.

அத்தொடரை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட இயலாது. அதில் இரண்டு செயல்கள் செவ்வனே செய்யப்பட்டிருக்கின்றன. முதலாவது, ஊமைப்படம் என்றாலே மாந்தர் துள்ளித் துள்ளி ஓடும் கேலிக் காட்சி என்று நாம் நினைத்திருக்கிறோம் அல்லவா? அது படத்தின் குற்றமன்று. குறைந்த விரைவில் எடுக்கப்பட்ட படத்தை, நொடிக்கு 24 படம் ஓடும் பிற்காலப் பொறியில் ஓட்டியதால் வந்த கேடு அது. பிரௌன்லோவும் கில்லும் நல்ல படிகளைத் தேடிப் பிடித்து, உரிய விரைவில் ஓடச் செய்து, இசையும் சேர்த்துக் காட்டினார்கள். செத்துவிட்டதாகக் கருதப்பட்ட ஒரு கலை எழுந்து நடந்தது.

இரண்டாவது செயல் இன்னும் பெரிது. ஊமைப்படக் காலத்தில் உழைத்து, முதுமை எய்தி, ஊர் மறந்துபோன மாந்தரை வீடு வீடாகத் தேடிச் சென்று, எதிரில் அமர்ந்து, அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்து படம்பிடித்தார்கள். கிளோரியா சுவான்சன், இலில்லியன் கிசு போன்ற பெயர்பெற்ற நடிகையரை மட்டுமா கேட்டார்கள்? இயக்குநரையும், ஒளிப்பதிவாளரையும், பெயர்பெற்ற நடிகருக்கு மாற்றாக உயரத்திலிருந்து குதித்து எலும்பு முறித்துக்கொண்டவரையும் கேட்டார்கள். அவ்வாறு பேசியோருள் இயக்குநர் ஆலன் துவான் 1981-இல் மறைந்தார். கிங் விடார் 1982-இல் மறைந்தார். கிளோரியா சுவான்சன் 1983-இல் மறைந்தார். தொடர் எடுக்கும் முயற்சி ஐந்தாண்டு பிந்தியிருக்குமாயின் அக்குரல்கள் மண்ணோடு மண்ணாகியிருக்கும். காலத்தோடு ஓடி, ஒரு முழம் முந்தி வென்ற வெற்றி அது.

படம் முடிந்ததும் அவ்விளைஞர் கேட்டார்: "ஐயா, நம் தமிழ்ப் படத்திற்கு இப்படி ஒரு தொடர் உண்டா?" யான் அறிந்த வரையில், அதற்கு இணையாகச் சொல்லத்தக்க ஒன்றை யான் கண்டதில்லை. அவ்வாறே விடை கூறினேன். கூறும்பொழுது நாணமாக இருந்தது.

நம் கதையைப் பாருங்கள். வேலூரில் பிறந்து சென்னையில் உந்துவண்டி வாணிகம் செய்துவந்தவர் இரா. நடராச முதலியார். கர்சனைப் படம்பிடித்துக்கொண்டிருந்த சுட்டூவர்ட் சுமித் என்னும் ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் புனே சென்று தொழில் கற்று, சென்னை மில்லர் சாலையில் படப்பிடிப்பகம் அமைத்து, 'கீசக வதம்' என்னும் ஊமைப்படத்தை அவர் எடுத்தார். தென்னகத்தின் முதற் கதைப்படம் அதுவே. படச்சுருளைக் கழுவித் துலக்குவதற்குக் குளிர்ந்த இடம் வேண்டுமென்று பெங்களூருக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. ஊமைப்படத்திற்கு நடுநடுவே எழுத்துப் பலகை காட்டுவர் அல்லவா? அப்பலகைகளில் ஆங்கிலத்தோடும் இந்தியோடும் தமிழும் இருந்தது. திரையில் ஒளியால் எழுதப்பட்ட முதல் தமிழெழுத்துகளுள் அவை அடங்கும். அவை என்ன சொற்களாய் இருந்தன? என்ன நடையில் இருந்தன? இன்று பார்த்துச் சொல்ல வழியில்லை. படம் அழிந்துவிட்டது.

படம் போனால் போகட்டும். அது வந்த ஆண்டையாவது அறிவோமா? 1916 என்பார் சிலர். 1917 என்பார் சிலர். 1918 என்பார் சிலர். நம் முதற் படத்தின் பிறப்பாண்டையே நாம் மூன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இத்தனைக்கும் அப்படத்தை எடுத்த நடராச முதலியார் பழங்காலத்துப் புலவர் அல்லர். அவர் 1971 வரை நம்மிடையே உயிரோடு வாழ்ந்தவர். அவர் மறைந்து நான்கு ஆண்டு கழித்து, 1975 ஆகத்து 15-ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிற்று. நான்கே ஆண்டு இடைவெளி! அன்றேனும் விழித்திருந்தால், பேசும்படத்தின் தொடக்கக் காலத்தார் பலர் உயிரோடிருந்தனர். ஏழிசை போலும் குரலெடுத்துப் பாடிய கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் 1980 வரை வாழ்ந்தார்கள், எம். கே. இராதா 1985 வரை வாழ்ந்தார். இலண்டனில் அத்தொடர் ஒளிபரப்பான ஆண்டிலேயே இங்கே ஒரு பெருங்குரல் அடங்கிற்று என்பதை எண்ணுங்கள்.

படங்கள் அழிந்த வகையையும் அறிந்துகொள்ள வேண்டும். ஏறத்தாழ 1950 வரை படச்சுருள் நைத்திரேட்டு என்னும் பொருளால் ஆனது. அது எளிதில் தீப்பற்றும். பற்றினால் அணைப்பது அரிது. தீயினின்று தப்பினாலும் வெப்பத்தில் இளகிப் பொடிந்துபோகும். அச்சுருளின் மேற்பூச்சில் வெள்ளி இருந்தது. ஓடி முடிந்த படத்தால் இனி வருவாய் இல்லை என்று கண்டவுடன், சுருளைக் கழுவி வெள்ளியைப் பிரித்தெடுத்தனர். ஒரு தலைமுறையின் முகமும் அசைவும் இவ்வாறு தட்டான் உலையில் உருகின. தென்னகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஊமைப்படங்கள் எடுக்கப்பட்டும், இன்று பார்க்கக் கிடைப்பது ஒன்றே ஒன்று. அது நாகர்கோயில் சுந்தரராசு எடுத்து, பி. வி. இராவ் இயக்கி, 1933-இல் வெளிவந்த 'மார்த்தாண்ட வர்மா'. அதுவும் எவரும் பேணியதால் பிழைத்ததன்று. புதினத்தின் பதிப்புரிமை குறித்து நூல் வெளியீட்டாளர் வழக்குத் தொடுத்தார், படம் முடங்கிற்று, முடங்கிக் கிடந்த படி 1974-இல் புனேயிலுள்ள இந்தியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் கைக்கு வந்தது. பேணுவார் இன்றி மற்றவை அழிந்தன; வழக்கில் மாட்டியது மட்டும் பிழைத்தது! புனேயிலும் 2003 சனவரியில் தீ மூண்டு பழஞ்சுருள்கள் எரிந்துபோயின.

1931 அக்டோபர் 31-இல் வெளிவந்த 'காளிதாசு' தமிழ் பேசிய முதற் படம். அதில் நாயகி டி. பி. இராசலட்சுமி தமிழ் பேச, நாயகன் தெலுங்கு பேசினான். அப்படமும் இல்லை. அவ்வம்மையாரே 1936-இல் 'மிசு கமலா' என்னும் படத்தை எழுதி இயக்கினார். தமிழில் பெண்ணொருத்தி இயக்கிய முதற் படம் அது. அதுவும் பார்க்கக் கிடைப்பதில்லை. எஞ்சியவை கொட்டகை வாயிலில் காசுக்கு விற்ற பாட்டுச் சுவடிகளும் சில இசைத்தட்டுகளுமே.

இங்கே நடுநிலையோடு ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கர்களும் இழந்தவர்களே. 1912 முதல் 1929 வரை அவர்கள் எடுத்த ஏறத்தாழ 11,000 முழுநீள ஊமைப்படங்களுள் பத்தில் ஏழு முற்றிலும் அழிந்துபோயின என்று அவர்கள் பாராளுமன்ற நூலகமே 2013-இல் அறிவித்தது. சுருளை இழந்ததில் அவர்களுக்கும் நமக்கும் பெரிய வேறுபாடில்லை. வேறுபாடு வேறோரிடத்தில் இருக்கிறது. சுருள் போன பின்னும் அங்கே ஆள் இருந்தார். ஆளிடம் சென்று கேட்பார் இருந்தார். கேட்டதைக் காட்டப் பணம் கொடுக்கும் தொலைக்காட்சி இருந்தது. நம்மிடத்தும் ஆள் இருந்தார். கேட்பாரும் கொடுப்பாருமே இல்லை.

அறிவும் ஆர்வமும் தமிழனுக்கு இல்லை என்பாரை நாம் ஒப்ப மாட்டோம். கோட்டையூர் ஏ. கே. செட்டியார் எத்தகையவர்? காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வேண்டுமென்று 1937-இல் உறுதி பூண்டு, கண்டம் விட்டுக் கண்டம் சென்று, பல்வேறு ஒளிப்பதிவாளர் பல்லாண்டுகளில் எடுத்துவைத்த சுருள்களைத் திரட்டி, 1940-இல் தமிழ் விளக்கவுரையோடு வெளியிட்டார். பிரௌன்லோ செய்த பணியை அவருக்கு நாற்பது ஆண்டு முன்னரே, வானூர்தி வசதியும் பெருமுதலும் இன்றிச் செய்தவர் நம் தமிழர்! அத்தமிழ்ப் படம் எங்கே? தமிழ்நாட்டில் கிடைக்கவில்லை. 1953-இல் அமெரிக்காவில் ஆங்கிலமாக்கி வெளியிட்ட ஒரு வடிவம் அந்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருப்பதை ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி பின்னாளில் கண்டறிந்தார். தமிழன் எடுத்ததை அயலான் காத்துவைத்தான். தமிழ்ப் பேச்சு மட்டும் அதில் இல்லை.

அதே கோட்டையூர் உரோசா முத்தையா திரட்டிய நூல்களும் அறிக்கைகளும் பாட்டுச் சுவடிகளும் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் கைக்குச் சென்று, அதன் பின்னரே 1994-இல் சென்னையில் நூலகமாயின. 'பிலிம் நியூசு' ஆனந்தன் தனியொருவராய் நின்று படங்களின் பெயரையும் நாளையும் ஒளிப்படங்களையும் வாழ்நாள் முழுதும் திரட்டினார். அத்திரட்டைப் பின்னர் அரசு வாங்கிக்கொண்டது. அவர் 2016-இல் மறைந்தார். இலண்டன் தொடர் வெளிவந்த மறு ஆண்டாகிய 1981-இல் இங்கே அறந்தை நாராயணன் 'தமிழ் சினிமாவின் கதை'யை எழுதினார், சு. தியடோர் பாசுகரன் தம் ஆங்கில ஆய்வு நூலை வெளியிட்டார். அவர்கள் படமாக்கிய அதே வேளையில் நாம் நூலாக்கினோம். நூல் பெரிதே, ஆயினும் நூலில் குரல் கேளாது, முகம் தெரியாது. செய்தவர் எல்லாரும் தனியாள்களே. பின்னின்று தாங்குவதற்கு ஓர் அமைப்பு இல்லாததே நம் குறை.

இவ்விதழைப் படிப்போருள் சிலர் இங்கே ஒரு வினாத் தொடுப்பர்: "திரைப்படம் தமிழ் இளைஞனைக் கெடுத்தது, கொட்டகை வாயிலில் அவனை வரிசையில் நிறுத்திற்று, நடிகனுக்குப் பாலூற்றச் செய்தது. அதன் வரலாறு போனால் நமக்கென்ன இழப்பு?" இவ்வினாவில் உண்மை இல்லாமலில்லை. திரையின் கேடுகளை யாமும் கண்டித்தே வந்திருக்கிறோம். ஆயினும் கண்டிப்பவனுக்கும் சான்று வேண்டும் அன்றோ? நோயைப் பழிப்பதால் நோயின் கரணியம் விளங்காது.

மேலும், திரையின் வரலாறு நடிகரின் வரலாறு மட்டுமன்று. அது தமிழ்ப் பேச்சின் வரலாறு. 1931-இல் பாதி தமிழும் பாதி தெலுங்குமாய்ப் பேசிற்று நம் திரை. தொடக்கக் காலப் படங்களில் தொன்மக் கதையும் வடசொல் விரவிய உரையாடலும் மலிந்திருந்தன. 1949-இல், இதே காஞ்சி மண்ணில் பிறந்த அண்ணாவின் 'வேலைக்காரி' வந்தது. 1952-இல் கலைஞரின் 'பராசக்தி' வந்தது. இருபது ஆண்டுகளில் திரையின் நாவே மாறிற்று. எழுத்தறியா உழவனும் கூலியாளும் நல்ல தமிழைக் காதாரக் கேட்டு வாயாரச் சொல்லக் கற்றார்கள். அம்மாற்றம் படிப்படியாக எவ்வாறு நிகழ்ந்தது என்பதைப் பழைய படங்களைக் கேட்டாலன்றி உறுதி செய்ய முடியாது. நம் மொழி மீட்சியின் சான்றும் அச்சுருள்களில்தான் இருக்கிறது. அதனை எரியவிட்டுவிட்டு எதைக் கொண்டு வழக்காடுவோம்?

இப்பொழுது எம் குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். பிள்ளைப்பாக்கத்தில் ஒரு முதியவர் இருந்தார். இளமையில், 'டூரிங் டாக்கீசு' என்று மக்கள் வழங்கிய கூடாரக் கொட்டகைகளில் படமோட்டியவர். ஊரார் அவரை 'ஆப்பரேட்டர்' என்றே அழைத்தனர். ஒரே படவீழ்த்தியை வைத்துக்கொண்டு, சுருளுக்குச் சுருள் இடைவேளை விட்டு ஓட்டியதையும், கரிக்குச்சி எரியும் புகையில் இரவெல்லாம் நின்றதையும், பக்கத்து ஊர்க் கொட்டகையில் ஓடி முடிந்த சுருளை மிதிவண்டியில் வாங்கிவந்து தம் கொட்டகையில் மாட்டியதையும், மழை வந்தால் மணல் தரையில் இருந்த மக்கள் கூட்டம் திரைப்பக்கம் நகர்ந்ததையும் தேநீர்க் கடையில் அமர்ந்து சொல்வார். ஒரே படத்தை நாற்பது ஐம்பது முறை ஓட்டியவர் ஆதலால், முழுப் படத்தின் உரையாடலும் அவருக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புக்கு மேல் படியாதவர், ழகரம் பிறழாமல் ஒரு நாழிகை பேசுவார்.

அவ்விலண்டன் தொடரைப் பார்த்த மாலையே, "அடுத்த ஞாயிறு இவரைப் படம்பிடிப்போம்" என்று முடிவு செய்தோம், அவரிடமும் சொல்லிவிட்டோம். அந்த ஞாயிறன்று இளைஞர்களுக்கு மிகைநேர வேலை வந்தது. அடுத்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறு யான் வெளியூர் சென்றிருந்தேன். நான்காம் ஞாயிறு நாங்கள் சென்றபொழுது அவர் மகன் வாயிலில் நின்றார். "அப்பா செவ்வாயன்றே போய்விட்டார் ஐயா. மூன்று கிழமையும் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு உங்களுக்காகத்தான் உட்கார்ந்திருந்தார்" என்றார். விடை சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை.

வெட்கப்பட வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. அங்கே நின்ற ஐவர் கையிலும் கைப்பேசி இருந்தது. திருப்பெரும்பூதூர் முதல் ஒரகடம் வரை நம் மண்ணில் தொலைக்காட்சிப் பெட்டியும் கைப்பேசியும் ஆயிரமாயிரமாய்ச் செய்யப்படுகின்றன. கைப்பேசியின் முகக்கண்ணாடியைச் செய்யும் ஆலைக்கும் பிள்ளைப்பாக்கத்திலேயே இடம் ஒதுக்கப்பட்டது. ஞாலம் பார்க்கும் கண்ணாடியை நம் பிள்ளைகள் செய்கிறார்கள். அக்கண்ணாடியில் நம் பாட்டனின் முகத்தைப் பதிந்துவைக்க நமக்குப் பொழுதில்லை. பிரௌன்லோவிற்குப் பெரு நிறுவனமும் பெரும்பணமும் வேண்டியிருந்தன. இன்று நமக்கு வேண்டியவை மனமும் ஒரு மாலைப் பொழுதுமே.

ஆகவே இளைஞர்களே, இனி என் செய்வது? 1960-இல் இருபது அகவையில் படப்பிடிப்பகத்திற்குள் நுழைந்தவருக்கு இன்று அகவை எண்பதைக் கடந்துவிட்டது. சேலம் மாடர்ன் தியேட்டர்சின் நுழைவு வளைவு மட்டும் இன்று நிற்கிறது. உள்ளே உழைத்தவருள் எஞ்சியோர் சிலரே. நடிகரைத் தேடி ஓட வேண்டா. அவரைத் தேடுவோர் பலர். விளக்குத் தூக்கியவர், ஒப்பனை செய்தவர், உடை தைத்தவர், படச்சுருள் கழுவியவர், கூட்டத்தில் ஒருவராய் நடித்தவர், சுவரொட்டி ஒட்டியவர், நுழைவுச்சீட்டுக் கிழித்தவர், படமோட்டியவர் ஆகியோரைத் தேடுங்கள். உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார். அவர் பெயர், ஊர், பிறந்த ஆண்டு, பேசிய நாள் ஆகியவற்றை முதலில் சொல்லச் செய்யுங்கள். என்ன ஊதியம், எத்தனை மணிநேர வேலை, எக்கருவியை எப்படி இயக்கினார் என்று கேளுங்கள். தொழிலில் வழங்கிய சொற்களை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர் 'ஆப்பரேட்டர்' என்றால் அச்சொல்லை அங்கே திருத்தாதீர்கள். தூய்மை செய்யும் வேலை நம் எழுத்தில் நடக்கட்டும். சான்றில் கை வைத்தல் தகாது. எடுத்ததைக் கைப்பேசியிலேயே விட்டுவைத்தால், கைப்பேசி பழுதாகும் நாளில் எல்லாம் போகும். மூன்றிடத்தில் படியெடுத்து வையுங்கள். பேச்சு முழுவதையும் தாளில் எழுதியும் வையுங்கள்.

அரசும் தொலைக்காட்சியினரும் செய்ய வேண்டியவை உண்டு. 2006 முதல் அரசே வீடுதோறும் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வழங்கிய நாடு இது. 2024-இல் பூவிருந்தவல்லிப் பக்கத்தில் புதிய படநகர் அமைப்பதாகவும் அரசு அறிவித்தது. புதுப்படம் எடுக்க நகர் அமைப்போர், அதனருகே பழம்படம் காக்கக் குளிரூட்டிய ஒரு காப்பகத்தையும் அமைக்கட்டும். ஆய்வாளர் நெடுங்காலமாய் வற்புறுத்திவரும் வேண்டுகை இது. பழம்படங்களின் பாட்டையும் நகைச்சுவையையும் நறுக்கி நறுக்கி விளம்பரப் பணம் ஈட்டும் தொலைக்காட்சிகள், அவ்வருவாயில் ஒரு துளியைச் செலவிட்டுப் பதின்மூன்று கிழமை ஓடும் ஒரு தமிழ்த்திரை வரலாற்றுத் தொடரைத் தமிழில், தமிழர் வாயால் எடுக்கட்டும். அயலார் தம் தொடர்களில் நமக்கு எத்தனை மணித்துளி ஒதுக்கினார் என்று எண்ணிக்கொண்டிருப்பது ஏமாளித்தனம். அவரவர் வீட்டு விளக்கை அவரவரே ஏற்ற வேண்டும்.

அரசு அசையும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளைப்பாக்கத்து இளைஞர்கள் இப்பொழுது பக்கத்து ஊர்களில் அத்தகைய முதியவர் இருவரின் பெயரைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். வரும் ஞாயிறு என்று நாள் குறித்தார்கள். "ஞாயிறு வேண்டா, நாளை மாலையே போவோம்" என்றேன். நீங்களும் உங்கள் ஊரில் நாளை மாலையே செல்லுங்கள்.